தண்ணீருக்குத் தேவைப்பட்ட இடம்

எங்கள் மாநிலத்தில் அந்த நாளில் கால்வாய் வெட்டத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அதனால் கால்வாய் ஆணைக்குழுவை அமைப்பதில் எந்தத் தாமதமும் ஏற்படவில்லை. தெரிந்தவர் ஒருவர் இருந்திருந்தால் அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று விவாதம் நடந்திருக்கும்.

ஆணைக்குழு நியூ கார்தேஜுக்கு வரும்போதெல்லாம் என் சத்திரத்தில்தான் கூடியது. ஊரில் அதைவிட்டால் ஒரு மாவு ஆலையும் கொல்லன் பட்டறையும்தான். நியூ கார்தேஜ் என்ற பெயரை வைத்தது ஆணைக்குழுத் தலைவர் நீதிபதி வேட். பெயர் வைத்துவிட்டால் ஊர் பின்னாலேயே வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. நான் ஹல்டா ஹஸ்கின்ஸ். புருஷன் இறந்துபோன பிறகு சத்திரத்தைத் தனியாக நடத்துகிறவள். ஆணைக்குழுவுக்கு வாத்து வறுத்துப் போட்டதும், ஆப்பிள் மது ஊற்றிக் கொடுத்ததும், கதவுக்கு அருகில் தட்டோடு நின்று அவர்கள் பேசியதையெல்லாம் கேட்டதும் நான்தான்.

அவர்கள் தேர்ந்தெடுத்த தலைமை எஞ்சினியரின் பெயர் மேஜர் பிங்ரி. அதற்கு முந்தைய வருடம்வரை அவர் கடற்கரை நகரங்களில் பணக்கார வீட்டுப் பெண்களுக்கு நடனம் கற்றுக்கொடுத்தவர். எந்தப் படையில் மேஜர் என்று யாரும் கேட்கவில்லை. நிலத்தின் ஏற்ற இறக்கம் பார்க்கிற, லண்டனில் செய்த பித்தளை மட்டக்கருவி ஒன்று அவரிடம் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. ஆகவே அவர் எஞ்சினியர்.

"நடனமும் மட்டம் பாக்கறதும் ஒண்ணுதான், நீதிபதி ஐயா," என்றார் மேஜர், என் வாத்தின் காலைக் கடித்தபடி. "அடுத்த காலை எங்க வைக்கணும்னு தெரிஞ்சா போதும்."

"பிரமாதம்!" என்றார் நீதிபதி. சம்பளம் அன்றே முடிவானது.

என் தம்பி ஈனோஸ் பெல்டன் இந்தக் கால்வாயை மனதார நம்பினான். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் பள்ளத்தாக்கில் கோதுமை நன்றாக விளையும். ஆனால் சேற்றுப் பாதையில் வண்டி சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் சக்கரமும் மாடும் போய்விடும். விளைந்ததைப் பன்றிக்குப் போடுவோம், மீதியை விஸ்கி காய்ச்சுவோம். "அக்கா, தண்ணி மட்டும் வந்துடட்டும். நம்ம மாவு கடல் வரைக்கும் போகும் பாரு," என்று சொல்லிச் சொல்லியே கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு மேஜரின் நில அளவைக் கூட்டத்தில் மரம் வெட்டுகிறவனாகச் சேர்ந்தான்.

அளவை என்பது ஒரு வழிபாடு. மேஜர் கருவிப் பெட்டியைத் திறக்கும்போது எல்லோரும் தொப்பியைக் கழற்ற வேண்டும். முக்காலியை நட்டதும் ஒரு சுற்று ரம். மேஜர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாய்க்குள் பார்த்து, "ஆ!" என்பார். அந்த "ஆ"வை உதவியாளர் எழுதிக்கொள்வார். அப்புறம் இன்னொரு சுற்று ரம். பிறகு அளக்கும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். ஓடையை ஒட்டியே கால்வாய்க் கோடு போனவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் காலையில் மேஜர் கோட்டை வலதுபக்கம் திருப்பினார். அங்கே மேடு. மத்தியானம்வரை எல்லோரும் அதில் ஏறினார்கள்.

ஈனோஸ் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டானாம்: "மேஜர் ஐயா, ஒரு சந்தேகம். காலையிலேர்ந்து நாம ஏறிக்கிட்டேதானே இருக்கோம்?"

"யார் சொன்னது?"

"என் முட்டி சொல்லுதுங்க."

"உன் முட்டியை ஆணைக்குழு நியமிச்சிருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப அது அபிப்பிராயம் சொல்லக்கூடாது."

மேட்டின் உச்சியில் இருந்தது வேட்வில். இருந்தது என்றால், காகிதத்தில் இருந்தது. நீதிபதியின் சொந்த நிலம் அது. முழுவதும் அளந்து, மனைகளாகப் பிரித்து, எண் போட்டு, படம் வரைந்து, கிழக்கே இருக்கிற ஆட்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார். படத்தில் துறைமுகம் இருந்தது, படகுகள் இருந்தன, ஒரு கலங்கரை விளக்கமும் இருந்தது. நேரில் போனால் கருவேல மரங்களும் ஒரு மானும் இருந்தன.

தண்ணீர் மேட்டுக்கு ஏறாதே என்ற பேச்சு ஊரில் எழுந்தது. அது நீதிபதியின் காதுக்கும் போனது. அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து நின்று பேசினார். நான் கறிச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"வேட்வில் உயரத்துல இருக்குன்னு சில பேர் சொல்றாங்க. உயரம்னா என்ன, கனவான்களே? சுத்தியிருக்கிற இடம் தாழ்ந்து கெடக்கறதுதானே? அது சுத்தியிருக்கிற நிலத்தோட குத்தம். அந்தக் குத்தத்தைத் தூக்கி வேட்வில் தலையில போடறது எந்த ஊர் நியாயம்? நான் ஒரு நீதிபதி. என் கண்ணு முன்னாடி ஒரு நிலத்துக்கு அநீதி நடக்க விடமாட்டேன்!"

கை தட்டினார்கள். மேட்டின் உயரத்தைப் பற்றிய பேச்சு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் அதற்கடுத்த கூட்டத்துக்கு. என் அறிவுக்கு எட்டியவரை அது இன்னும் ஒத்திவைப்பில்தான் இருக்கிறது.

வெட்டுவதற்கு அயர்லாந்துக்காரர்கள் வந்தார்கள். கப்பலில் இருந்து இறங்கிய ஈரம் காய்வதற்குள் சதுப்பில் இறக்கிவிடப்பட்டார்கள். காய்ச்சல் வந்தது. வெட்டுகிறவனுக்கும் வந்தது, அளக்கிறவனுக்கும் வந்தது. அளவுகோல் பிடித்தவன் விழுந்தான், கோலை ஈனோஸின் கையில் கொடுத்தார்கள். மட்டம் பார்த்தவன் விழுந்தான், குழாயை அவனிடம் கொடுத்தார்கள். உதவி எஞ்சினியர் குதிரையேறி ஊருக்கே ஓடிவிட்டார். என் தம்பி உதவி எஞ்சினியர் ஆனான். அந்தக் காலத்தில் எஞ்சினியர் ஆவதற்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது. முன்னால் நிற்பவன் காய்ச்சலில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

அவனுக்குக் கொடுத்தது கீழ்ப்பகுதி. பள்ளத்தாக்கின் குறுக்கே மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பி, அதன் மேலே கால்வாய் போக வேண்டும். கரைக்கு நேர் கீழே பள்ளத்தில் வெட்டுகிறவர்களின் குடிசைகள். வேறு இடம் கேட்டார்கள். மற்ற இடமெல்லாம் மனையாக விற்பனைக்கு இருப்பதாக ஆணைக்குழு தெரிவித்தது.

கூலிக் கூட்டத்தின் தலைவன் ஃபெலிம் என்று ஒருவன். குள்ளம், வாய் மட்டும் பெரியது. களிமண்ணைக் குழைத்துக் கரைக்குள் போட்டு வெறுங்காலால் மிதிக்கும் வேலையில் அவன் யாரையும் சும்மா விடவில்லை.

"மிதிங்கடா! மேல தண்ணி நிக்கப்போகுது, கீழ என் பொண்டாட்டி தூங்கப்போறா. ஒரு சொட்டு ஒழுகிச்சுன்னாலும் அவ என்னைத்தான் உதைப்பா!"

அவன் மனைவி ஊனா என் சத்திரத்துக்குத் துணி வெளுக்க வருவாள். மாசமாக இருந்தாள். ஈனோஸ் சேற்றுக் காலோடு சமையலறைக்குள் வந்தால் பிடித்துக்கொள்வாள்.

"எஞ்சினியர் ஐயா! நாட்டுக்கே மட்டம் பாக்கறீங்க, வாசல்படி எங்க இருக்குன்னு தெரியலையா? காலைத் துடைங்க."

"துடைக்கிறேன் தாயே. உன் புருஷன்தான் மிதிக்கச் சொன்னான்."

"அவன் சொன்னா கேப்பீங்களா? மேஜர்னு ஒருத்தர் இருக்காரே, அவர் என்ன சொல்றார்?"

"அவர் இந்தப் பக்கம் வந்தே நாளாச்சு."

அதுதான் உண்மை. கீழ்ப்பகுதியை மேஜர் மறந்துவிட்டார். மறந்ததால் கரை நன்றாக வந்தது.

மேல்பகுதி நீதிபதியின் மருமகன் லூஷியஸிடம் இருந்தது. படகை மேட்டுக்கு ஏற்றும் கல் மதகுகளைக் கட்டியது அவர். சுண்ணாம்பு, ஆணைக்குழு உறுப்பினர் ஒருவரின் சூளையில் இருந்து வந்தது. அது நல்ல சுண்ணாம்பு, வீட்டுச் சுவருக்கு. தண்ணீரில் மட்டும் கரையும். முதல் மதகில் மழைநீர் தேங்கியது, மதகு விழுந்தது. ஒரு கல் தச்சனின் கால் நசுங்கியது. ஆணைக்குழு விசாரித்து, லூஷியஸுக்குப் பதவி உயர்வு கொடுத்தது.

"விழுந்த மதகைப் பத்தி இந்தக் கண்டத்துலேயே இவருக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்கும் தெரியாது," என்றார் மேஜர். "அனுபவத்தை நாம இழக்கக் கூடாது."

இரண்டாவது மதகும் விழுந்தது. இப்போது அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் அறிவும் வந்துவிட்டதாகச் சொல்லி மறுபடி உயர்த்தினார்கள். பக்கத்து மாநிலத்தில் இருந்து அவரை அழைத்துக்கொள்ளத் தூது வந்தது. அங்கே அதுவரை எதுவும் விழுந்திருக்கவில்லை.

பிறகு எஞ்சினியர்களின் தகுதித் தேர்வு வந்தது. என் புருஷனின் கறுப்புக் கோட்டை ஈனோஸுக்குப் போட்டு அனுப்பினேன். தோள் கொஞ்சம் தொங்கியது. மற்றபடி அழகாகத்தான் இருந்தான்.

"பெல்டன், உங்க பகுதியில எத்தனை உடைப்பு?" என்றார் நீதிபதி.

"ஒண்ணும் இல்லைங்க."

"சரிவு?"

"இல்லைங்க ஐயா."

"கசிவாவது?"

"போன மழைக்குக் கூட ஒழுகலைங்க." சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெருமைப்பட்டான், பாவம்.

உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேஜர் தொண்டையைக் கனைத்தார். "தம்பி, இத்தனை நாளா அரசாங்கச் சம்பளத்துல இருந்திருக்கே. அப்படின்னா என்னதான் கத்துக்கிட்டே?"

 அனுபவமின்மை காரணமாக அன்றைக்கே அவனை வேலையில் இருந்து விடுவித்தார்கள். கீழ்ப்பகுதி, அனுபவம் நிறைந்த லூஷியஸுக்குப் போனது.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். வேட்வில்வரை கால்வாய் முடிந்ததா என்று கேட்பவர்களுக்கு, மேட்டில் வெட்டிய பள்ளத்தைக் காட்டினார்கள். ஆணைக்குழு உட்காரக் கரைக்கு எதிரே ஒரு மண்மேடை வேண்டும் என்று தீர்மானமாயிற்று. படிகளோடு, புல் பதித்து, மேலே பந்தல் போட்டு. மண் எங்கே? லூஷியஸ் சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் இருந்ததிலேயே நல்ல களிமண் ஈனோஸின் கரையில்தான் இருந்தது. வண்டிகள் கரையின் பின்பக்கத்தைச் சுரண்டி ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தன.

ஈனோஸ் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றான். வண்டிக்காரன் அவனைச் சுற்றிக்கொண்டு போனான். பிறகு ஈனோஸ் என் சத்திரத்துக்கு ஓடிவந்தான். நீதிபதி ஆப்பிள் அப்பம் தின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, கரையை வெட்டறாங்க ஐயா! பாதி முதுகு போயிடுச்சு. கீழ குடும்பங்க இருக்கு."

"பதட்டப்படாதே," என்றார் நீதிபதி. "கரையோட வேலை என்ன? தண்ணிப் பக்கம் நிக்கறது. அந்தப் பக்கத்தை யாராவது தொட்டாங்களா?"

"இல்லைங்க, ஆனா..."

"பின்பக்கம் சும்மாதானே கெடக்கு? ஆணைக்குழுவால நிக்க முடியாது பெல்டன், வயசாச்சு. உக்காரணும். நாங்க உக்காரலைன்னா விழா இல்ல. விழா இல்லைன்னா கால்வாய் இல்ல. கால்வாய் இல்லாத இடத்துல கரை மட்டும் எதுக்கு? யோசிச்சுப் பாரு."

ஈனோஸ் யோசித்துப் பார்க்கவில்லை. நேரே குடிசைகளுக்குப் போனான். வெளியே வந்துவிடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னான். சிலர் மூட்டை கட்டினார்கள். ஆணைக்குழுவின் மேஸ்திரி வந்து, குடிசையை விட்டுப் போகிறவனுக்கு அந்தப் பருவத்துக் கூலி கிடையாது என்று சொன்னான். மூட்டைகளைப் பிரித்தார்கள். காய்ச்சலில் கிடப்பவர்களை எங்கே தூக்கிக்கொண்டு போவது என்ற கேள்வியும் இருந்தது. சத்திரத்தில் என்னோடு வந்து தங்கிக்கொள் என்று ஊனாவை நான் கூப்பிட்டேன்.

"நான் வந்துட்டா காய்ச்சல்ல கெடக்கற டெனிஸுக்குக் கஞ்சி யார் குடுப்பா அக்கா?" என்றாள். "எங்காளு மிதிச்ச கரை. அவ்வளவு சீக்கிரம் போகாது."

விழா நாளில் வெட்டுகிறவர்களுக்கெல்லாம் மண்வெட்டியில் ரிப்பன் கட்டி, மேடைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். குடிசைகளில் பெண்களும் குழந்தைகளும் நோயாளிகளும் இருந்தார்கள். வாத்தியம் முழங்கியது. நீதிபதி தண்ணீரைப் பற்றி நெடுநேரம் பேசினார். தண்ணீர் குடியரசை நேசிக்கிறது என்றார். ஓடைத் தண்ணீரைக் கால்வாய்க்குள் விடும் கதவைத் திறந்தார்கள்.

தண்ணீர் வந்தது. மேட்டின் அடிவாரம்வரை வந்து நின்றது. அங்கே ஏற வேண்டும் என்ற தீர்மானத்தை யாரும் அதற்குப் படித்துக் காட்டியிருக்கவில்லை. பின்னால் வந்த தண்ணீரும் சேர்ந்துகொண்டது. கதவை மூடச் சொல்லி ஈனோஸ் கத்தினான். விழா முடியாமல் மூடுவது மரியாதையில்லை என்றார் மேஜர். கீழ்ப்பகுதியில் தண்ணீர் விளிம்புவரை ஏறியது. முதுகு இல்லாத கரை ஒரு தடவை பெருமூச்சு விட்டது போல அசைந்தது. அப்படியே பள்ளத்தில் போய் விழுந்தது.

ஃபெலிமும் ஈனோஸும் ஒரே நேரத்தில் குதித்தார்கள். மண்வெட்டி ரிப்பனோடு மிதந்து போனதைப் பார்த்தேன். நானும் ஓடினேன். என்ன செய்தேன் என்று நினைவில்லை. சாயங்காலம் ஊனாவை ஒரு வேலிக்கு அடியில் இருந்து எடுத்தார்கள். கையில் கஞ்சிக் கரண்டி இருந்தது. அந்த விரல்களை ஃபெலிம் ஒவ்வொன்றாகப் பிரித்தான். 

மேடை மட்டும் கொஞ்சமும் அசையவில்லை. நல்ல களிமண்.

விசாரணை என் சத்திரத்தில் நடந்தது. கரை உடைந்ததற்குக் காரணம் நீரெலிகள் என்று மேஜர் விளக்கினார். நீரெலி வளை தோண்டும், வளை வழியாகத் தண்ணீர் போகும், கரை விழும். எலிகளை யாராவது பார்த்தார்களா என்று கேட்டதற்கு, பார்க்கும்படி தோண்டினால் அது எலியே இல்லை என்றார்.

ஈனோஸ் எழுந்தான். தலையில் கட்டு இருந்தது. "எலி இல்லைங்க. வண்டி. மண்ணை வண்டியில எடுத்துட்டுப் போனதை நான் பார்த்தேன்."

"எந்தப் பதவியில இருந்து பார்த்தே?" என்றார் நீதிபதி.

"பதவியில இல்லைங்க. நீங்கதான் நீக்கிட்டீங்களே."

"அப்படின்னா நீ பார்க்கலை. கரையைப் பார்க்கிற அதிகாரம் லூஷியஸுக்கு. லூஷியஸ், வண்டியைப் பார்த்தீங்களா?"

"அன்னிக்கு நான் பந்தலுக்குத் துணி எடுக்கப் போயிருந்தேன்," என்றார் லூஷியஸ்.

"யாரும் பார்க்கலை," என்று நீதிபதி எழுதச் சொன்னார்.

ஃபெலிம் சுவரோரம் நின்றிருந்தான்.  "எலியா இருக்கட்டும், என்னவா இருக்கட்டும். என் பொண்டாட்டி செத்துட்டா. அதுக்கு என்ன எழுதியிருக்கீங்க?"

நீதிபதி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்: "தண்ணீருக்குத் தேவைப்பட்ட இடத்தில் சில குடிசைகள் இருந்தது குறித்து ஆணைக்குழு வருந்துகிறது."

அறையில் யாரும் பேசவில்லை. அந்த அமைதியைத் தனக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டு அவர் மேலே போனார். நீரெலிகளைக் கண்டிக்கும் தீர்மானம் நிறைவேறியது. லூஷியஸ் துணைத் தலைமை எஞ்சினியரானார். பெரிய உடைப்பைக் கண்ட மேஜரைக் கூட்டாட்சி அரசே கேட்டிருப்பதாகச் செய்தி வாசிக்கப்பட்டது. கடைசியில் நீதிபதி புன்னகையோடு ஈனோஸைப் பார்த்தார்.

"பெல்டன், ஆணைக்குழு மறக்கறதில்ல. நீ கட்டின கரை உடைஞ்சிருக்கு. முன்னாடி உன்கிட்ட இருந்த குறை தீர்ந்துடுச்சு. உதவி எஞ்சினியர் வேலை, கூடுதல் சம்பளம். என்ன சொல்றே?"

என் தம்பி மேசையருகே போனான். அடிப்பானோ என்று பயந்தேன். அடிக்கட்டுமே என்றும் இருந்தது. அவன் செத்தவர்களின் பேர்களைத்தான் சொன்னான். "ஊனா. அவ வயித்துல இருந்த பிள்ளை. டெனிஸ். மெக்கேப் வீட்டுப் பொண்ணுங்க, பிரிஜெட்டும் சின்னவளும்..." மெதுவாக, ஒவ்வொன்றாக, எல்லாப் பேரையும்.

"இதெல்லாம் எழுத வேண்டாம்," என்றார் நீதிபதி எழுத்தரிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஹஸ்கின்ஸ் அம்மா, சாப்பாடு ஆச்சா?"

அடுப்பில் மூன்று வாத்துகள் பொன்னிறமாக வெந்திருந்தன. நான் போய் எடுத்தேன். அவற்றோடு சோள ரொட்டியையும் எடுத்துக்கொண்டு, ஆணைக்குழுவின் மேசையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, வெளியே மழையில் நின்றிருந்த அயர்லாந்துக்காரர்களிடம் கொண்டுபோய் வைத்தேன். திரும்பி வந்தபோது ஆணைக்குழுவினர் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"வாத்து எங்கேம்மா?"

"நீரெலி கொண்டுபோயிடுச்சு, நீதிபதி ஐயா," என்றேன். "ஒரு தீர்மானம் போட்டுக்கோங்க."

என் மது உரிமத்தை அந்த மாதமே பறித்துவிட்டார்கள். இப்போது அப்பமும் சூப்பும் மட்டும் விற்கிறேன். ஆணைக்குழு வேறு ஊரில் கூடுகிறது. உடைந்த கரையை அவர்கள் திரும்பக் கட்டவில்லை. கால்வாய் அடியில் புல் முளைத்து, எங்கள் மாடுகள் மேய்கின்றன.

ஈனோஸ் அந்த வேலையை ஏற்கவில்லை. விழுந்த மதகுகளில் இருந்து ஒரு நல்ல கல்லை அவனும் ஃபெலிமும் எடுத்துவந்தார்கள். இருவருமாக உளி பிடித்து எல்லாப் பேரையும் அதில் வெட்டினார்கள். சின்னவளின் பெயர் ரோஸ் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு அதையும் வெட்டினார்கள். கரை உடைந்த இடத்தின் ஓரமாகக் கல்லை நட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஆணைக்குழுவில் இருந்து ஓர் ஆள் குதிரையில் வந்தான். அந்தக் கல் படகுப் போக்குவரத்துக்கு இடையூறாக இருக்கிறதாம்; அப்புறப்படுத்த வேண்டுமாம்.

ஃபெலிம் அந்த ஆளையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தான். "உடனே நகத்திடறோம்," என்றான். அன்று மத்தியானம் ஊரே சேர்ந்து கல்லைப் பெயர்த்தது. கரையில் இருந்து இறக்கி, கால்வாயின் நட்டநடுவே, படகு வர வேண்டிய இடத்தில் ஆழமாகக் குழி தோண்டி நட்டோம். களிமண் போட்டு மிதித்தோம். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தேன்.

"உங்க நீதிபதிகிட்ட சொல்லு," என்றான் ஈனோஸ். "முதல் படகு வரட்டும், நாங்களே எடுத்துடறோம்."

அந்த ஆள் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனான். இன்றுவரை படகு வரவில்லை.